நெருங்கிய நண்பனின் கல்யாணம்: கேமராவோடு போவதா, வெறுங்கையோடு போவதா?

குடந்தைப்படக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுப்பதுதான் எனக்குத் தொழில். வரும் ஆவணியில் என் நெருங்கிய நண்பனுக்குக் கல்யாணம். திருவிடைமருதூர்ப் பக்கம் மண்டபம், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். "நீதான்டா எடுக்கணும், வேற யார் எடுத்தாலும் எனக்குச் சிரிப்பே வராது" என்கிறான் அவன். அவன் அம்மாவோ, "நீ மாப்பிள்ளைத் தோழனா மேடையில நிக்கணும்பா" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நண்பர்களுக்குக் கல்யாணம் நடப்பது முகூர்த்த நாளில். எங்களுக்கு வேலை வருவதும் அதே முகூர்த்த நாளில்தான். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் நல்ல நாள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே அட்வான்ஸ் வாங்கிய நாளாக இருக்கும். கூடப் படித்தவர்களில் பலருடைய கல்யாணத்தை நான் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய், சொந்த நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்கு மறுவாரம் பரிசுப் பொட்டலத்தோடு போய் நிற்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். இந்த முறை தேதி குறித்த அன்றே என் டைரியில் அந்த நாளை அடைத்துவிட்டேன். வேலைக்காக அடைத்தேனா, நட்புக்காக அடைத்தேனா என்பதுதான் இப்போது கேள்வி.

இரண்டாவது விஷயம் இசை. கும்பேசுவரர் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியைக் கேட்டு வளர்ந்தவன் நான். முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை, கேள்வி ஞானம்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் எங்கள் ஆட்கள் பலரும் அந்த மாதத்தில் லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பார்கள். நான் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவேன். மியூசிக் அகாடமியில் மதிய நேர இலவசக் கச்சேரி, தமிழ் இசைச் சங்க விழாவுக்கு ராஜா அண்ணாமலை மன்றம் என்று சுற்றிவிட்டு, தை பிறக்கும்போது ஊர் திரும்பினால் அந்த வருஷத்துக்குத் தெம்பு வந்துவிடும்.

அந்தக் கேள்வி ஞானம் வேலையிலும் கை கொடுக்கிறது. மணமேடையைப் பார்க்காமலே மேளத்தைக் கேட்டு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடலாம். நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையைச் சுருக்கமாக முடிக்கிறார், தவில்காரர் நிமிர்ந்து உட்கார்கிறார் என்றால் வாத்தியார் கை தூக்கப்போகிறார் என்று அர்த்தம். அதற்குள் நான் என் இடத்தில் நின்றிருப்பேன். தாலி, அதைப் பிடித்த விரல்கள், பின்னால் முடிச்சுப் போடக் குனியும் நாத்தனார், காற்றில் பறக்கும் அட்சதை எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். கெட்டிமேளம் கேட்ட பிறகு ஓடினால் கிடைக்காது.

ஆனால் வீடியோவாக முடித்துக் கொடுக்கும்போது அந்த நாதஸ்வரத்தை முழுக்கத் துடைத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டை மேலே போட்டுவிடுகிறோம். அன்று அந்தக் குடும்பத்துக்காகவே வாசித்த வாசிப்பு எங்கேயும் மிஞ்சுவதில்லை. என் நண்பன் கல்யாணத்திலாவது அதை முழுசாகப் பிடித்து வைக்க ஆசைப்படுகிறேன். இந்த இரண்டுக்கும் உங்கள் யோசனை வேண்டும்.

---

பழையலென்ஸ் எழுதியது:

தம்பி, நான் கோயம்புத்தூர். ஃபிலிம் காலத்து ஆள். காது பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. யாஷிகா கேமராவில் 120 ரோல் போட்டால் 12 படம். 35 மில்லிமீட்டரில் 36 படம். மாங்கல்ய தாரணம் நெருங்கும்போது ரோலில் இரண்டு படம்தான் மிச்சம் என்றால் நெஞ்சு படபடக்கும். மேளத்தின் போக்கைக் கேட்டுத்தான் ரோல் மாற்றுவோம். மாலை மாற்றும்போது மாற்றிக்கொண்டால் தாலி கட்டுவதற்குப் புது ரோல் தயாராக இருக்கும். இன்றைக்கு கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் இருப்பதால் கேட்கும் பழக்கமே போய்விட்டது. தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

நண்பன் கல்யாணத்துக்கு என் யோசனை இது. உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு டீமை முழு வேலைக்கும் அமர்த்துங்கள். ட்ரெடிஷனல், வீடியோ, குடும்பப் படங்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் ஒரே ஒரு கேமரா, ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸ். பை கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொண்டு தோழனாக நில்லுங்கள்.

பண விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். நண்பர்களுக்குள் கணக்கா என்று விட்டுவிடுவதால்தான் பின்னால் மனஸ்தாபம் வருகிறது. ஆல்பம் அச்சடிக்கும் செலவு, டீமுக்கான சம்பளம், வண்டி, சாப்பாடு எல்லாம் கல்யாண வீட்டுச் செலவு. உங்கள் உழைப்பு மட்டும் உங்கள் மொய். மொய் எழுதுகிறவரிடம் கவரும் கொடுத்து, வேலையும் இலவசமாகச் செய்யாதீர்கள். ஏதாவது ஒன்று போதும்.

---

படக்காரர்மனைவி எழுதியது:

நான் படக்காரர் இல்லை, படக்காரரின் மனைவி. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. வைகாசியில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. அதனால் எங்கள் கல்யாண நாளை ஆடியில் கொண்டாடுகிறோம். மகள் பிறந்தநாளும் முகூர்த்தத்தில் மாட்டிக்கொள்ளும். அன்று அவர் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும்போது தூங்கும் பிள்ளையின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போவார். இரவு வரும்போதும் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் தொழிலைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இதை அனுபவிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் வெறுங்கையோடு போங்கள்.

எங்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க் அலமாரி நிறைய இருக்கிறது. ஊரில் பாதிப் பேரின் கல்யாணம் அதில் இருக்கும். அவருடைய நண்பர்கள் கூடிய எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். அவர் தம்பி கல்யாண ஆல்பத்திலும் குடும்பப் படத்தில் மட்டும், அதுவும் உதவியாளரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு ஓடி வந்து நின்றதால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். உங்கள் நண்பரின் அம்மா மேடையில் நிற்கச் சொல்வது சும்மா சொல்வதில்லை. நாளைக்கு அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது மகன் பக்கத்தில் யார் நின்றான் என்று அவர்கள் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

---

போனவருஷத்துமணப்பெண் எழுதியது:

அக்கா சொல்வது மனசைத் தொடுகிறது. ஆனாலும் நான் மறுபக்கம் பேசுகிறேன். என் கல்யாணத்தை எடுத்தது என் ஹாஸ்டல் தோழி. அவள் கேமராவோடு வந்ததற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

என் பாட்டிக்கு நடக்க முடியாது. மண்டபத்தில் பின்வரிசையில் தூணோரமாக உட்கார வைத்திருந்தார்கள். வேறு எந்தப் படக்காரருக்கும் அவர் யாரோ ஒரு வயதானவர். என் தோழிக்குத்தான் தெரியும், என்னை வளர்த்தது அந்தப் பாட்டி என்று. தாலி கட்டும்போது எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய உதவியாளர் மேடையை எடுத்துக்கொள்ள, அவள் பாட்டி முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாட்டி இரண்டு கையாலும் அட்சதையைத் தூக்கிப் போடுகிறார், அது அவர் மடியிலேயே விழுகிறது. பாட்டி இப்போது இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். என்னைத் தெரியாத ஒருவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அதை எடுத்திருக்க முடியாது.

அதே சமயம், பந்திக்கு நேரம் வந்ததும் கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்கள் ஹாஸ்டல் கூட்டம் மொத்தமும் அந்தப் பந்தியில் இருந்தது. இரண்டாவது பாயசத்தை யார் வாங்குவது என்று பெரிய சண்டையே நடந்தது. அண்ணா, எந்த நேரத்தில் எதுவாக இருப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் இரண்டும் முடியும்.

---

தவில்வீடு எழுதியது:

படக்காரர்கள் பேசும் இடத்தில் மேளக்காரன் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். பேச்சில் இசை வந்ததால் எழுதத் தோன்றியது.

கெட்டிமேளம் பற்றிக் குடந்தைக்காரர் சொன்னது சரி. தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ காதில் விழாமல் அந்த நேரத்தை ஒலியால் நிரப்புவதுதான் அதன் நோக்கம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது வாத்தியாரின் கையைப் பார்த்து வாசிப்பது. இப்போது நடப்பது என்ன? தாலி எடுத்தவுடன் போட்டோ, வீடியோ, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல், கைப்பேசியோடு சொந்தக்காரர்கள் என்று மேடையைச் சுற்றிச் சுவர் எழும்பிவிடுகிறது. வாத்தியார் கை எங்களுக்குத் தெரிவதே இல்லை. கூட்டத்தில் யாராவது "கெட்டிமேளம்" என்று கத்துவதைக் கேட்டுத்தான் தொடங்குகிறோம். முன்பின்னாகப் போகிறது. மேளம் உட்காரும் பக்கத்திலிருந்து வாத்தியாருக்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டால் போதும். இதை எல்லாப் படக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து விளக்கு. வீடியோ விளக்கை நேராக நாதஸ்வரக்காரர் முகத்தில் அடிக்காதீர்கள். மூச்சைக் கட்டி வாசிப்பவர் அவர். உதட்டில் இருப்பது நாணலில் செய்த சீவாளி. அது வாயின் ஈரத்துக்குப் பதமாக இருக்க வேண்டும். சூட்டில் காய்ந்தால் சுருதி ஆடும்.

பதிவு செய்ய ஆசைப்படுவதாகச் சொன்னதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரு ரகசியம் சொல்கிறேன். கல்யாணத்தில் நல்ல வாசிப்பு முகூர்த்த நேரத்தில் நடப்பதில்லை. அப்போது மந்திரத்துக்கும் சடங்குக்கும் நடுவே துண்டு துண்டாகத்தான் வாசிக்க முடியும். விடியற்காலையில் ஆள் வரும் முன்னால், நாற்காலிகள் காலியாக இருக்கும்போது, பௌளி ராகமோ மலயமாருதமோ எடுத்து நிதானமாக வாசிப்போம் பாருங்கள், அதுதான் வாசிப்பு. அந்த நேரத்தில் படக்காரர்கள் எல்லோரும் மணப்பெண் அறையில் அலங்காரம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சமையல்காரர்களும் நாங்களும் மட்டும்தான் கூடத்தில் இருப்போம்.

---

குடந்தைப்படக்காரர் எழுதியது:

தவில்வீடு ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் இந்த இழையைத் தொடங்கியதே நல்லது என்று தோன்றிவிட்டது. வாத்தியார் கை மறைவது எங்கள் பக்கத்திலிருந்து யாரும் யோசிக்காத விஷயம். எங்கள் குழுவில் இனிமேல் அந்தப் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். நான் பொறுப்பு.

விடியற்காலை வாசிப்பு பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. மணப்பெண் அறையில் நிற்கும்போது கதவிடுக்கு வழியாக அது வரும். கை வேலை செய்யும், மனம் கூடத்தில் இருக்கும்.

இந்த ஊர்ப்பக்கம் அதற்கு மதிப்பு குறைவதுதான் வேதனை. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை அதற்கு மிக அருகில், நாதஸ்வர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். உச்சஸ்தாயியில் கூவும் திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்திலிருந்து நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு இந்த உலகத்தைத் திருப்பியவர் அவர். இத்தனையையும் சுற்றி வைத்துக்கொண்டு, எங்கள் மண்டபங்களில் சில கல்யாணங்களுக்கு நாதஸ்வரத்தைப் பென்டிரைவிலிருந்து ஸ்பீக்கரில் ஓட்டுகிறார்கள். அதைப் படமெடுக்கும்போது எனக்கு உண்மையில் கை சோர்ந்துவிடும்.

---

ரேடியோகாதலன் எழுதியது:

எல்லோரும் நாதஸ்வரம் பக்கமே பேசுகிறீர்கள். சினிமாப் பாட்டுக்காக ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறேன். 'பாசமலர்' 1961-இல் வந்தது. அதில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய "வாராய் என் தோழி" அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை பந்தலில், எத்தனை குழாய் ஒலிபெருக்கியில் ஒலித்திருக்கும்! எங்கள் கிராமத்தில் அந்தப் பாட்டு கேட்டால் கல்யாண வீடு எந்தத் தெரு என்று வழி கேட்க வேண்டியதில்லை. அதையும் கல்யாண இசை இல்லை என்று யார் சொல்ல முடியும்? வரவேற்பில் மெல்லிசைக் குழு வைத்து, நண்பர்கள் மேடையேறி இளையராஜா பாட்டைச் சுருதி தப்பிப் பாடுவார்களே, அதிலும் மனசார்ந்த சந்தோஷம் இருக்கிறது. அதையும் துடைத்துவிட்டுத்தானே ஸ்டூடியோ பாட்டைப் போடுகிறீர்கள்? நண்பன் பாடியதை அப்படியே வையுங்கள். பாட்டு எந்த வகை என்பது பிரச்சினை இல்லை. அங்கே பாடியது இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

---

பழையலென்ஸ் எழுதியது:

ரேடியோகாதலன் சொன்னதற்கு என் ஓட்டு. வி.எச்.எஸ். காலத்தில் எடுத்த கேசட்டுகளைச் சிலர் இப்போது டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லிக் கொண்டு வருகிறார்கள். படம் மங்கி, கோடு கோடாக ஓடும். அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. "அப்பா குரல் கேட்குதா பாருங்க" என்றுதான் கேட்பார்கள். பின்னணியில் யாரோ சாம்பார் கேட்பதும், பெரியப்பா வரவேற்பதும் இருந்தால் அழுதுவிடுகிறார்கள். முழுக்கப் பாட்டை ஏற்றிய கேசட்டைக் கொண்டு வந்தவர்கள் வெறும் கையோடு திரும்பிப் போகிறார்கள்.

---

ஒலிக்காரன் எழுதியது:

நாதஸ்வரத்தைப் பதிவு செய்வது பற்றி யாரும் செய்முறை சொல்லவில்லையே. நான் ஒலிப்பதிவில் இருக்கிறேன்.

முதலில், கேமராவின் மைக்கை நம்பாதீர்கள். அதில் ஆட்டோ கெயின் இருக்கும். கெட்டிமேளம் இடித்தவுடன் அது மொத்தத்தையும் அமுக்கிவிடும். மேளம் நின்ற பிறகு மெல்லத் திரும்பி மேலே வரும். கேட்பதற்குப் பாட்டு மூழ்கி மூழ்கி எழுவது போலிருக்கும். அதனால் தனி ரெக்கார்டர் வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் வசதி உள்ளதாக இருந்தால் ஒலி அளவு பற்றிக் கவலை குறையும், ஆனால் மைக் தாங்கும் ஒலிக்கு ஓர் எல்லை உண்டு, ரொம்பப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சாதாரண ரெக்கார்டர் என்றால் சாதாரண வாசிப்பு மீட்டரில் மைனஸ் 20 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். குறைவாகத் தெரியும், பரவாயில்லை, கெட்டிமேளத்துக்கு அந்த இடம் வேண்டும்.

வைக்கும் இடம் முக்கியம். நாதஸ்வரத்தின் அணைசுக்கு, அதாவது அகன்ற கீழ்முனைக்கு, நேர் எதிரே வேண்டாம். தவிலில் விரலால் வாசிக்கும் வலந்தலைக்கு நேரேயும் வேண்டாம், விரல் கூடு விழும் ஓசை எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஆறேழு அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் வைத்தால் இரண்டும் சமமாக வரும். வீடியோவோடு சேர்ப்பதாக இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். மண்டபத்தின் தகரக் கூரையில் எதிரொலி கடுமையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம்.

ரெக்கார்டரை விடியற்காலை நாலரைக்கு ஓட விட்டுவிட்டு மறந்துவிடுங்கள். புது பேட்டரி, பெரிய கார்டு. தவில்வீடு ஐயா சொன்ன அந்த நேரம் முழுக்க உங்களுக்குக் கிடைத்துவிடும்.

---

திருச்சிவழக்குரைஞர் எழுதியது:

சட்டம் பற்றி ஒரு சொல். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் பிரிவு 52(1)(இசட்ஏ) இருக்கிறது. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விசேஷங்களிலும் பாட்டைப் பாடுவதோ ஒலிபரப்புவதோ பதிப்புரிமை மீறல் ஆகாது. 2023 ஜூலையில் மத்திய அரசின் துறையும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. ஆகவே மண்டபத்தில் பாட்டுப் போட யாரும் பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த விலக்கு மண்டபத்தோடு சரி. சினிமாப் பாட்டை வீடியோவில் ஏற்றி யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவது வேறு விஷயம். ஒலியை முடக்குகிறார்கள், வீடியோவை எடுத்துவிடுகிறார்கள் என்று படக்காரர்கள் என்னிடம் வருவது அதனால்தான்.

தியாகராஜரின் "சீதா கல்யாண வைபோகமே" போன்ற கீர்த்தனைக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது, அவர் 1847-இல் மறைந்தவர். அதற்காக வேறொருவர் வெளியிட்ட ஒலிப்பதிவை எடுத்துப் போடக் கூடாது, அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நேரில் வாசிப்பவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. குடந்தைக்காரர் தாமே பதிவு செய்தாலும், இணையத்தில் போடும் முன் மேளக்குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவதுதான் முறை. ஒரு பக்கக் கடிதம் போதும்.

---

தவில்வீடு எழுதியது:

கடிதம் எல்லாம் மனமார எழுதிக் கொடுப்போம். நாங்கள் எதிர்பார்ப்பது இரண்டு விஷயம். வீடியோவில் வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள். மணமக்களுக்கு அலங்காரம் செய்தவர், மேடை ஜோடித்தவர் என்று எல்லோர் பெயரும் வருகிறது, மேளம் யார் என்று வருவதில்லை. பதிவின் ஒரு பிரதியை எங்களுக்கும் கொடுங்கள். என் அப்பா நாற்பது வருஷம் கல்யாணங்களுக்கு வாசித்தார். அவர் வாசிப்பு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அத்தனை வீட்டு ஆல்பத்திலும் அவர் படம் மூலையில் இருக்கும், கையில் குச்சியோடு.

---

யாழ்நிலவன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கு யாருடைய மேளம் என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் எந்த நேரத்துக்கு வருவது என்று முடிவு செய்வார்கள். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களோடும் வாசித்துப் பேர் எடுத்தவர். அவரைக் கேட்ட பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எந்தெந்தக் கலியாண வீட்டில் எப்படி வாசித்தார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த வீடுகளில் யாராவது ஒரு ரெக்கார்டரை வைத்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு. யுத்தத்தில் ஆல்பங்களும் போய்விட்டன, படங்கூட இல்லாத குடும்பங்கள் எங்களிடம் ஏராளம்.

அதனால் குடந்தை அண்ணாவிடம் கேட்பது: பதிவு செய்தால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒன்று, பெண் வீட்டில் ஒன்று, மேளக்காரரிடம் ஒன்று, வெளிநாட்டில் சொந்தம் இருந்தால் அங்கே ஒன்று.

---

குடந்தைப்படக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நண்பன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டேன். முடிவு இப்படி.

முழு வேலையையும் தஞ்சாவூரில் இருக்கும் எனக்குத் தெரிந்த குழு எடுத்துக்கொள்ளும். செலவு கல்யாண வீட்டுடையது. முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பிலும் இரவு கூட்டாளிகள் அரட்டையிலும் நான் ஒரு கேமராவோடு இருப்பேன், அதுதான் என் மொய். அந்த இரவை எங்கள் கூட்டத்தைத் தெரிந்த ஆளால்தான் எடுக்க முடியும், போனவருஷத்துமணப்பெண் சொன்ன பாட்டி கதை என் மனதில் அப்படியே நிற்கிறது. காலையில் மாப்பிள்ளை மணைக்கு வந்ததிலிருந்து கேமரா பெட்டிக்குள். வேட்டி கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பேன். படக்காரர்மனைவி அக்கா, உங்கள் பதிவை என் மனைவியிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டாள். எங்கள் கல்யாண நாளும் வைகாசிதான்.

ஒலிக்காரன் சொன்னபடி ரெக்கார்டர் நாலரைக்கே ஓடும். வரவேற்பில் கூட்டாளிகள் பாடுவதையும் ரேடியோகாதலனுக்காக அப்படியே வைக்கப்போகிறேன். மேளக்குழுவின் பெயர் வீடியோவின் தொடக்கத்திலேயே வரும். பிரதிகள் யாழ்நிலவன் சொன்னதுபோல நான்கு இடத்துக்குப் போகும்.

ஒரே ஒரு சந்தேகம் தவில்வீடு ஐயாவிடம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் என்றால் உயிர். மகன் கல்யாணத்தில் கொஞ்சமாவது தோடி கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். முகூர்த்தம் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. குழுவிடம் இதைக் கேட்கலாமா, கேட்டால் சங்கடப்படுவார்களா?

---

தவில்வீடு எழுதியது:

சங்கடமா? கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் முகமே மாறிவிடும். ஆனால் கடைசி நிமிஷத்தில் சொல்லாதீர்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் நாதஸ்வரக்காரரிடம் மாப்பிள்ளையின் அப்பாவையே நேரில் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

தோடியை அவசரத்தில் வாசிக்க முடியாது. ஆலாபனைக்கே அரை மணி வேண்டும், பிறகு கீர்த்தனை, அதற்கப்புறம் தவிலுக்குக் கொஞ்சம். நாலே முக்காலுக்கு உட்கார்ந்தால் ஆறுக்குள் நிறைவாக முடிக்கலாம். மாப்பிள்ளையின் அப்பாவை அந்த நேரத்தில் யாரும் வேலை சொல்லித் தொந்தரவு செய்யாமல் மேளத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அப்புறம் சமையல்கட்டில் சொல்லி, குழுவுக்குக் காபியை நாலேகாலுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். நடுவில் கொண்டு வந்து நீட்டக் கூடாது.